விலாசம் உண்டு, தொழில் தெரியாது

கேள்வி: மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்துவிட்டதாக 2003இலேயே அறிவித்தார்கள். ஆனால் 'சி9ஓஆர்எஃப்72' என்ற மரபணுவின் புரதம் என்ன வேலை செய்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை என்று அண்மையில் படித்தேன். இது எப்படி? – ஒரு வாசகி

பதில்: எழுத்துக்கூட்டிப் படித்தோம், அவ்வளவுதான். பொருளும் விளங்கிவிட்டதாகச் சொன்னவர்கள் மேடையில்தான் சொன்னார்கள். அந்த எழுத்துகளிலேயே சுமார் 8 சதவீதம் விட்டுப்போய், 2022இல்தான் நிரப்பப்பட்டது.

நீங்கள் குறிப்பிட்ட பெயரையே பாருங்கள். 'சி9' என்றால் 9ஆம் குரோமோசோம். 'ஓஆர்எஃப்' என்றால் புரதமாக மாற்றத்தக்க ஒரு நீளத் துண்டு. 72 அதன் வரிசை எண். இது பெயரா? தபால்காரருக்கான விலாசம்! வேலை தெளிவானால் நல்ல பெயர் சூட்டுவது வழக்கம். இதற்கு இன்னும் சூட்டவில்லை.

இந்த மரபணுவில் ஆறெழுத்துத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு 30 தடவைக்குள் நின்றுவிடும். ஏஎல்எஸ் என்னும் நரம்புச் சிதைவு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அது நூற்றுக்கணக்கில், ஆயிரத்தைத் தாண்டியும் நீள்வதை 2011இல் கண்டுபிடித்தார்கள். நோயோடு உள்ள உறவு அம்பலமாகிவிட்டது. நோயில்லாத நாளில் அந்தப் புரதம் என்ன செய்கிறது? வேறு இரண்டு புரதங்களோடு கூட்டுச் சேர்ந்து, செல் தன் குப்பையைத் தானே செரிக்கும் பணியில் கைகொடுக்கிறது என்பது வரை தெரியும். அங்கே அதன் பங்கு எது என்பதில்தான் இழுபறி.

நானும் இப்படியொரு விலாசப் புரதத்தோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவன். அதை மட்டுமே பற்றிக்கொள்ளும் என்று விற்கப்பட்ட ஆன்டிபாடியை வாங்கினேன். இருட்டறையில் ஃபிலிமைக் கரைசலில் அசைக்க, எதிர்பார்த்த இடத்தில், புரதம் இருப்பதற்கு அடையாளமான கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. அன்று தூக்கமே இல்லை. பிறகு, அந்த மரபணுவையே வெட்டியெடுத்த செல்களில் சோதித்தேன். அதே இடத்தில், அதே கோடு! இத்தனை நாள் நான் கொண்டாடியது வேறு ஏதோ புரதத்தை. மரபணுவை இழந்த செல்களோ, எதுவுமே நடக்காததுபோல் பெருகிக்கொண்டிருந்தன. ஒன்று போனால் இன்னொன்று ஈடுகட்டும். சத்துநீரில் சொகுசாக வளரும் செல்லுக்கு அந்தப் புரதம் தேவைப்படும் நெருக்கடியே வராமலும் போகலாம்.

2016இல், 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் வடித்தார்கள். உயிர்வாழவும் சீராகப் பெருகவும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துக் கட்டியது அது. அதிலேயே 149 மரபணுக்களின் வேலை அன்று தெரியவில்லை. நமக்கோ மொத்தம் சுமார் 20,000 மரபணுக்கள்.