ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு ஆற்றல் 4.48 எலக்ட்ரான் வோல்ட்தானே? விண்மீன் அருகே 5 எலக்ட்ரான் வோல்ட் ஒளி பட்டும் அது ஏன் உடைவதில்லை?

கணக்குப்படி உடைய வேண்டும். ஆனால் அந்த ஃபோட்டானை மூலக்கூறு வாங்கவே வாங்காது. இரண்டும் ஒரே வகை அணு என்பதால், ஒளி பற்றிக்கொள்ளத் தேவையான இருமுனைத் திருப்புத்திறன் (ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்ற மின் ஏற்றத்தாழ்வு) இல்லை. அடிநிலையிலிருந்து நேராகப் பிய்க்க முடியாது. தானே பிரிந்துவிடும் மும்மை நிலைக்கு (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும் நிலை) தாவலாமென்றால், ஒளியை வாங்கும்போது அந்தத் திசை மாறக்கூடாது என்ற எலக்ட்ரான் தற்சுழற்சி விதி குறுக்கே நிற்கிறது.

உடைவது சுற்றுவழியில். 11.2 முதல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள புற ஊதா ஒளியை லைமன், வெர்னர் பட்டைகளில் (மூலக்கூறு ஒளியை வாங்கும் இரு அலைநீளத் தொகுப்புகள்) வாங்கி மேல்நிலைக்குப் போகும். சில நானோ நொடிக்குள் கீழே விழும். விழும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான் இரண்டு அணுவாகச் சிதறும். மற்றவை அதிர்ந்தபடி தப்பித்து, நாள் வாரக் கணக்கில் அகச்சிவப்பு ஒளியை விட்டு அடங்கும். 13.6-க்கு மேற்பட்ட ஒளியைத் தனி ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிலேயே விழுங்கிவிடும்.

பட்டை என்றாலும் அவை மெல்லிய கோடுகளின் தொகுப்பு. அதனால் முன்வரிசை மூலக்கூறுகள் அந்தக் கோடுகளைத் தின்றுவிட, பின்வரிசை பிழைக்கிறது. சதுர செ.மீ.க்கு 10¹⁴ (கோடி கோடி) மூலக்கூறு சேர்ந்ததுமே இந்தத் தற்காப்பு தொடங்கும். 10¹⁸ ஆனால் உடையும் வேகம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண விண்மீனிடை ஒளியில் காப்பில்லாத மூலக்கூறு சுமார் 600 ஆண்டு தாங்கும். ஓரியன் நெபுலாவில் விண்மீன் ஒளி தாக்கும் விளிம்பான ஓரியன் பட்டையில் ஒளி பத்தாயிரம் மடங்குக்கும் மேல்; அங்கே சில வாரம்தான். மாதிரிக் கணக்கு போடுபவர்கள் தூசியின் மறைப்பை மட்டும் சேர்த்துத் தற்காப்பை விட்டால், தனி அணு முடிந்து மூலக்கூறு தொடங்கும் எல்லை வாயு மேகத்துக்குள் வெகு ஆழத்தில் போய் விழும்.

மூலக்கூறைத் தூண்டியது எது என்று தொலைநோக்கியில் பார்க்க, அது விடும் அகச்சிவப்பு ஒளியின் 2.12, 2.25 மைக்ரான் கோடுகள் போதும் என்பார்கள். புற ஊதா தூண்டியதென்றால் இரண்டாவது கோட்டின் பிரகாசம் முதலாவதில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். அதிர்ச்சி அலை (வாயு வேகமாக மோதி அமுங்குவது) சூடாக்கியதென்றால் பத்தில் ஒன்று. ஓரியனிலுள்ள என்ஜிசி 2023 என்ற நெபுலா முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் இந்த விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். கன செ.மீ.க்கு லட்சம் துகள் என்ற அளவு அடர்த்தியில், ஒளி கடுமையாகவும் இருந்தால், மோதல்கள் கீழ் நிலைகளைச் சமன்செய்துவிடும்; விகிதம் குறைந்து அதிர்ச்சி அலை போலவே தெரியும். அப்போது 1.60 மைக்ரானில் ஆறாம் அதிர்வு நிலைக் கோட்டைத் தேடுங்கள். 2000 கெல்வின் சூட்டால் அத்தனை உயரத்துக்கு மூலக்கூறை ஏற்ற முடியாது.