பயிர் நோயியல் படிக்க நினைக்கும் மகளும் ஓர் அம்மாவின் கவலையும்

அன்புள்ள அம்மா,

பி.எஸ்சி. வேளாண்மை கடைசி ஆண்டில் இருக்கும் மகள், அடுத்து பயிர் நோயியலில் எம்.எஸ்சி. படித்தே தீருவேன் என்கிறாள், படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். சீக்கிரம் ஒரு வேலையில் அமர்வதுதான் முக்கியம் என்றால் எம்.எஸ்சி. தேவையில்லை. டி.என்.பி.எஸ்.சி.யின் வேளாண் அலுவலர் தேர்வுக்கும், ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி வேளாண் அலுவலர் தேர்வுக்கும் கையில் வரப்போகும் இந்த நான்கு ஆண்டுப் பட்டமே போதும்.

ஆனாலும் அவளைத் தடுக்க வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. லீவுக்கு வந்தால் உளுந்து வயலில் இலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, அதுதான் காரணம்.

இலை மஞ்சளாகிவிட்டது என்றால் பல விவசாயிகள் கடையில் கொடுக்கும் பூசணக்கொல்லியை வாங்கி அடித்துவிடுகிறார்கள். அந்த மஞ்சள் இரும்புச்சத்துக் குறைவால் வந்திருக்கலாம். அப்போது இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். திட்டுத் திட்டாக மஞ்சள் படர்ந்தால் தேமல் நோயாக இருக்கலாம். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். பூசணக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. நோய் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்க வேண்டும், ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும், அடுத்த போகத்தில் நோயைத் தாங்கும் ரகம் போட வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சரியாகச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவு மிச்சம். உங்கள் மகள் கற்கப்போவது அதைத்தான். பாதித்த செடியிலிருந்து பூசணத்தைப் பிரித்து வளர்ப்பது, அதை நல்ல செடிக்குக் கொடுத்து அதே நோய் வருகிறதா என்று பார்ப்பது, அந்தச் செடியிலிருந்து மறுபடியும் அதே பூசணத்தை எடுத்துக் காட்டுவது. வாரக்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை.

எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர அதன் நுழைவுத் தேர்வு, டெல்லி பூசாவில் உள்ள மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்தியத் தேர்வு. இரண்டையும் எழுதட்டும். ஐ.சி.ஏ.ஆர். தேர்வில் நல்ல ரேங்க் வந்தால் உதவித்தொகையும் உண்டு.

அப்புறம், எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிர்ப் பாதுகாப்பு வல்லுநர் பணி, விதை, பூச்சிமருந்து கம்பெனிகளின் கள ஆய்வு, திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளுக்கு வைரஸ் சோதிக்கும் ஆய்வகங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். விஞ்ஞானியாகவோ பேராசிரியராகவோ வர விரும்பினால் பிஎச்.டி. வரை போக வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் மூன்று ஆண்டாவது ஆகும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வுக்கும் தயாராக வேண்டும். கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்தப்பட்ட பிஎச்.டி. ஒரு பெண்ணை எவ்வளவு வாட்டும் என்று பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

பெண் பிள்ளை வெயிலில் வயல் வயலாக நிற்பாளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேளாண்மை படிக்கும் பெண்கள் இன்று ஏராளம். நாலு வருடமாக அவளும் வயலில்தான் நிற்கிறாள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். புதுக்கோட்டையிலிருந்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் பக்கம்தான். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டு, நீங்களும் அவளோடு போங்கள். அங்கே நோயியல் பிரிவில் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் எப்படி, தங்களுக்கு முன்னால் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், எந்தத் தேர்வுக்கு முதலில் தயாராவது என்று அவளோடு சேர்ந்து முடிவு செய்வோம்.