ஒயின் கிளாசில் ரசம்

வணக்கம் சார்,

பல நாட்டுச் சமையலைக் கலக்கும் ஃப்யூஷன் சமையலைப் பற்றி நீங்கள் உற்சாகமாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பிறந்தநாளுக்குப் பிள்ளைகளோடு நகருக்குள் ஓர் உணவகத்துக்குப் போனேன். ஒயின் கிளாசில் ரசம் வந்தது. அப்புறம் சீஸ் தூவிய குட்டி தோசை, அதன் மேல் ஏதோ நுரை. கொடுத்த காசுக்குத் தேக்கா சந்தையில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கலாம். வெள்ளைக்காரனுக்காக நம் சாப்பாட்டைக் கெடுப்பதில் அப்படி என்ன ஈர்ப்பு? இப்போது என் மகளும் வீட்டில் பாஸ்தாவில் சாம்பார் பொடி போடுகிறாள்.

வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ரசத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. கிளாஸை மாற்றியதோடு அந்தச் சமையல்காரர் கை கழுவிவிட்டார். ஆனால் வெள்ளைக்காரனுக்காகச் சமைத்தாலே சாப்பாடு கெட்டுவிடும் என்பதை ஏற்க முடியவில்லை.

சீனாவின் ஹைனான் தீவுக்காரர்களான ஹைனானியர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹொக்கியன், தியோச்சியூ சீனர்களுக்குப் பிறகு சிங்கப்பூர் வந்தவர்கள். அதற்குள் நல்ல வியாபாரங்களில் மற்றவர்கள் ஊன்றியிருந்தார்கள். அதனால் பலர் ஆங்கிலேயர் வீடுகளுக்கும் கப்பல்களுக்கும் ஹோட்டல்களுக்கும் சமையல் வேலைக்குப் போனார்கள். துரை வீட்டில் கற்ற பன்றி இறைச்சி வறுவலை சோயா சாஸில் ஊறவைத்து, பிஸ்கட் தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளி சாஸும் பச்சைப் பட்டாணியும் ஊற்றிக் கொடுத்தார்கள். துரைமார் கப்பலேறிப் பல காலம் ஆகிவிட்டது. ஹைனானிய போர்க் சாப் இன்னும் கோப்பிக்கடையில் கிடைக்கிறது.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சீனர்களின் மஞ்சள் மீ நூடுல்ஸை எடுத்து, பாட்டில் தக்காளி சாஸும் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் போட்டுப் புரட்டியவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். அந்தச் சிவப்பு மீ கோரெங் கடையநல்லூரிலிருந்து கப்பலில் வந்ததல்ல, இங்கே பிறந்தது. 1950களில் செர் யாம் தியான் என்ற பெண்மணி தள்ளுவண்டியில் விற்ற மிளகாய் நண்டான சில்லி கிராபிலும் அதே பாட்டில் தக்காளி சாஸ்தான்.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்த பொருளை மனத்துக்குள் எடுத்துப் பார்ப்பேன். தக்காளி சாஸை எடுத்தால் மீ கோரெங் படுத்துவிடும். உங்கள் தோசையிலிருந்து சீஸை எடுத்தால் தோசை தேறிவிடும்!

சீரியல் இறால் சாப்பிட்டிருப்பீர்கள். காலையில் பாலில் கலக்கும் சீரியல், ஐரோப்பாக்காரர்களின் வெண்ணெய், நம் கறிவேப்பிலை, சில்லி பாடி என்ற குட்டி மிளகாய், சீன வாணலி. கறிவேப்பிலையின் மணம் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். எண்ணெயில் தாளிக்கும்போது நடப்பதே அங்கே வெண்ணெயில் நடக்கிறது. சீரியல், இறாலின் மேல் ஒட்டி மொறுமொறுப்பாகிறது. இதில் எதையும் எடுக்க முடியாது.

உயர்தர உணவகங்களிலும் இது நடக்கிறது. சமையல்காரர் வில்லின் லோ 2005இல் வைல்ட் ராக்கெட் உணவகத்தைத் தொடங்கி, லக்சா நூடுல்ஸ் குழம்பில் போடும் லக்சா இலையில் பெஸ்டோ என்ற இத்தாலியத் துவையலை அரைத்தார். இத்தாலியில் துளசி வகை இலையை எண்ணெயில் அரைக்கிறார்கள், இங்கே லக்சா இலை. முறை ஒன்றுதான். பினாங்கில் பிறந்த மனோ தேவர், கியோங் சைக் சாலையில் நடத்திய தேவர் உணவகத்தில் சமைக்காத சிப்பியின் மேல் ரசத்தை உறைய வைத்துச் சுரண்டிப் போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சிப்பியோடு வினிகரும் வெங்காயமும் மிளகும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். புளிப்பும் மிளகும் அந்த இடத்தில் ஏற்கெனவே தேவைப்படுகின்றன, ரசத்தில் இரண்டும் இருக்கின்றன. அந்த உணவகத்துக்கு 2022இல் மிச்செலின் உணவக வழிகாட்டியின் இரண்டு நட்சத்திரங்கள். நட்சத்திரத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. ரசம் எதற்கு அங்கே வந்தது என்று கேட்டால் பதில் இருக்கிறது, அவ்வளவுதான். விலை? அது உங்கள் ஒரு வாரத் தேக்காவையும் தாண்டும், அதில் உங்கள் கட்சிதான் நான்.

சரி, மகள் விஷயம். தடுக்காதீர்கள். தென் இத்தாலியில் கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பு வகைகளும் சேர்த்துப் பாஸ்தா சமைப்பது பழைய வழக்கம். பருப்புக்கும் பாஸ்தாவுக்கும் பகை இல்லை. சாம்பார் பொடியை வெந்த பாஸ்தாவின் மேல் தூவினால் பச்சை வாடை அடிக்கும். சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் வதக்கி, வேகவைத்துக் கடைந்த துவரம்பருப்பையும் பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டியையும் ஊற்றச் சொல்லுங்கள். மாவுச்சத்து இருப்பதால் அந்தத் தண்ணீர் குழம்பைப் பாஸ்தாவோடு பிடித்து நிறுத்தும். புளி கொஞ்சமாக. கடைசியில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டட்டும். சீஸ் வேண்டுமென்று அடம்பிடித்தால் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.