மரப்பாச்சியின் பாவாடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலுவில் வைப்பதற்காக எங்கள் வீட்டு 9 அங்குல மரப்பாச்சிக்குப் புதுச் சரிகைப் பட்டில் பாவாடை செய்தேன். அது குடைபோல விரிந்து நிற்கிறது. நேரமில்லாததால் தைக்காமல் பசையால் ஒட்டிவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? வேறு என்ன துணி வாங்கலாம்? தையல் இயந்திரத்தில் தைக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சென்ற வாரம்தான் அம்மாவின் மரப்பாச்சிகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். அந்த நினைவிலேயே இருந்ததால் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். இயந்திரம் வேண்டாம், கையால் தையுங்கள்.

பசையைப் பற்றிக் கோபத்தோடுதான் சொல்கிறேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கொலு முடிந்ததும் பொம்மையை மடியில் கிடத்தி உடுப்பைக் கழற்றப் பார்க்கும் குழந்தைக்குத் தெரியாதா? செம்மரத்தில் கடைந்த உடம்பின்மேல் பசையைத் தடவிய கையைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

பாவாடை விரிந்து நிற்பதற்குக் காரணம் உங்கள் கை அல்ல. 63 அங்குல உயரமுள்ள பெண்ணில் ஏழில் ஒரு பங்குதான் உங்கள் பொம்மை. பாவாடையின் நீளம் ஏழில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. பட்டு இழையின் பருமனும் விறைப்பும் குறைவதில்லை. பெரியவர்கள் உடுத்தும்போது இரண்டு முழ நீளத் துணியின் கனமே மடிப்புகளைக் கீழே இழுத்துவிடும். ஐந்து அங்குலத் துணிக்கு அந்தக் கனம் ஏது? கரைக்கும் இதே கணக்குதான்: சேலையில் 3 அங்குலக் கரை, பொம்மைக்கு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது.

ஆகவே கடைக்குப் போகாதீர்கள். பலமுறை உடுத்தித் துவண்டுபோன பழைய பட்டுச்சேலை வீட்டில் இருக்கும். மடிப்பில் இழை விட்டுப்போன இடங்களை ஒதுக்கிவிட்டு, நல்ல பகுதியில் வெட்டுங்கள். மரப்பாச்சியின் கைகள் உடம்போடு ஒட்டியே செதுக்கப்பட்டிருந்தால் சட்டையை மாட்ட முடியாது. முதுகுப் பக்கம் திறப்பு வைத்து, நாடாவால் முடியுங்கள்.

அம்மா தன் கூறைப்புடவையின் கிழிந்த தலைப்பிலிருந்து தைத்த அரக்குப் பாவாடையைச் சென்ற வாரம் அலசுவதற்காகத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புச் சுருக்கம் நூல் நூலாக எண்ணி இழுத்ததுபோல் ஒரே சீராக இருந்தது. கீழ் விளிம்புக்கு மேலே, உட்புறமாக, கால் அங்குலத்தில், ஓட்டுத் தையலால் ஒரு டக், அதாவது துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு, பிடித்திருந்தாள். அந்த மடிப்பின் கனத்தில்தான் பாவாடை இத்தனை ஆண்டுகளாகத் தழைந்து நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால், நான் வளர வளரப் பிரித்து இறக்கிவிடுவதற்காக என் பட்டுப் பாவாடைகளில் அவள் பிடித்த டக்கும் இதே ஓட்டுத் தையல்தான். இதே போல, ஒரே இழுப்பில் பிரிந்து வரும்படி, முடிச்சை ஓரத்தில் தளர்வாக விட்டிருக்கிறாள்.