இணையத்தில் புதிய இசைக்குழுக்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? உங்களுக்குப் பிடித்த பாடல்கள் சிலவற்றையும் சொல்ல முடியுமா?

இரண்டாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பாட்டைச் சொல்லிக்கொண்டே போனால் அதைக் கண்டுபிடித்த வழியும் தானாக வந்துவிடும்.

கோகோரோகோ என்று லண்டனில் ஒரு குழு. அவர்களுடைய 'அபூசி ஜங்ஷன்' ஏழு நிமிடம் ஓடும். கிதார் ஒன்று தனியாகத் தொடங்கும், எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாத வாசிப்பு. கொஞ்ச நேரம் கழித்து ஊதுகருவிகள் சேர்ந்துகொண்டு ஒரே மெட்டைப் பிடிக்கும். ஊதுகருவி என்றாலே உரக்கத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அந்த இடத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவு மென்மை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஹைலைஃப் இசையும் ஜாஸும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். யூடியூப் தானாக அடுத்த பாட்டைப் போட்டுக்கொண்டே போகும்போது இதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டவர்கள் ஏராளம்.

அவர்களில் பலர் லைக் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள். நான் அந்த இடத்தில் நின்று ஒன்று கேட்டுக்கொள்வேன்: இந்தப் பாட்டு முதலில் எதில் வந்தது? 'அபூசி ஜங்ஷன்' வந்தது 2018இல் வெளியான 'வீ அவுட் ஹியர்' என்ற தொகுப்பு ஆல்பத்தில். லண்டனின் இளம் ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்து, ஜைல்ஸ் பீட்டர்சனின் பிரவுன்ஸ்வுட் நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் ஒன்பது பாடல்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு பெயரில். மைஷா, எஸ்ரா கலெக்டிவ், மோசஸ் பாய்ட், நூபியா கார்சியா, தியோன் கிராஸ் என்று பெயர்களை வரிசையாகத் தட்டித் தேடினால் ஒரு விஷயம் புரியும்: இவர்கள் ஒருவர் குழுவில் இன்னொருவர் வாசிக்கிறார்கள். டியூபா என்ற பெரிய ஊதுகருவியை வாசிக்கும் தியோன் கிராஸைப் பின்தொடர்ந்தால் சன்ஸ் ஆஃப் கெமெட் குழுவுக்குப் போய்ச் சேர்வீர்கள். அதன் தலைவராக இருந்த ஷபாகா ஹட்சிங்ஸ்தான் அந்தத் தொகுப்புக்கே இசை இயக்குநர். எஸ்ரா கலெக்டிவைப் பிடித்துக்கொண்டு போனால், 2023இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு வாங்கிய ஆல்பத்துக்கு வருவீர்கள். அந்தப் பரிசை ஒரு ஜாஸ் குழு வென்றது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு பாட்டிலிருந்து ஒரு தலைமுறைக் கலைஞர்களே கிடைத்துவிட்டார்கள்.

என் வழி என்று சொன்னால் இதுதான். பாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களைத் தேடிப் போவது. யார் வாசித்தது, யார் வெளியிட்டது, அவர்கள் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள். முக்கியமாக அந்தக் கடைசிக் கேள்வி, பொக்கிஷம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மூவர் குழுவான க்ருவாங்பினை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். லாரா லீ பேஸ் கிதார், மார்க் ஸ்பியர் கிதார், டிஜே ஜான்சன் டிரம்ஸ். 2015இல் வந்த முதல் ஆல்பத்தில் 'வைட் கிளவ்ஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதில் கிதார் ஒரு இடத்தில்கூட முந்திக்கொண்டு வராது. பாடுகிறவருக்கு இடம் விட்டு, வரிகளுக்கு நடுவே இரண்டு சுரம் வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், 60களிலும் 70களிலும் வந்த தாய்லாந்துப் பாடல்களிலிருந்து என்று அவர்களே பேட்டிகளில் சொல்கிறார்கள். அந்தப் பழைய தாய் கேசட்டுகளை ஒருவர் பொறுமையாகக் கணினியில் ஏற்றி வலைப்பதிவில் போட்டுவந்தார். அதைக் கேட்டுத்தான் இவர்களுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு ரசிகர் ஆசைக்குச் செய்த வேலை, உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு குழுவின் ஓசையையே தீர்மானித்திருக்கிறது. அதனால்தான் பாட்டைப் பகிர்வதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

ஆல்டின் குன் கதையும் இப்படித்தான். பேஸ் வாசிக்கும் நெதர்லாந்துக்காரர் யாஸ்பர் வெர்ஹுல்ஸ்டுக்குப் பழைய துருக்கிய ராக் இசையில் மோகம். துருக்கியப் பாடகர்கள் வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார், அதைப் பார்த்து வந்தவர்களோடு ஆம்ஸ்டர்டாமில் குழு உருவானது. துருக்கிய நாட்டுப்புறப் பாடல்களை எடுத்து மின்சார சாஸ் (துருக்கிய நரம்புக்கருவி), சின்தசைசர், கனமான பேஸ் ஆகியவற்றோடு வாசிக்கிறார்கள். 2019இல் வந்த 'கெஜே' ஆல்பம் கிராமி பரிந்துரை வரைக்கும் போனது. அதில் 'சுபூர்கெசி யோன்ஜாதான்' என்ற பாட்டைக் கேளுங்கள். பிடித்துவிட்டால் அதோடு நிறுத்தாமல் செல்டா பாஜான், எர்கின் கொராய், நெஷெத் எர்தாஷ் ஆகியோரையும் தேடிக் கேளுங்கள். பழையவர்களின் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஆல்டின் குன் இன்னும் நன்றாக இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது சஹாரா பக்கத்துக் கதை. இணைய வசதி சரியாக இல்லாத மாலி, நைஜர் போன்ற இடங்களில் பாட்டுகள் கைபேசியிலிருந்து கைபேசிக்கு ப்ளூடூத் வழியாகவும் மெமரி கார்டு வழியாகவும் போய்க்கொண்டிருந்தன. எம்பி3 கோப்பின் பெயர் பாதி அழிந்திருக்கும், பாடியவர் யார் என்று வைத்திருப்பவருக்கே தெரியாது. கிறிஸ்டோபர் கிர்க்லி என்ற அமெரிக்கர் அங்கே போய் அந்த மெமரி கார்டுகளில் இருந்த பாடல்களைச் சேகரித்து, பாடியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, 'மியூசிக் ஃப்ரம் சஹாரன் செல்ஃபோன்ஸ்' என்று ஒரு தொகுப்பாக வெளியிட்டார். இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் அவருடைய சஹேல் சவுண்ட்ஸ் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால் மணிக்கணக்கில் உள்ளேயே இருக்கலாம்.

அந்தத் தொகுப்பில் இருந்த ஒருவர் நைஜரின் எம்டூ மொக்தார். சைக்கிள் பிரேக் கம்பிகளை நரம்பாக மாட்டித் தானே செய்த கிதாரில் வாசிக்கக் கற்றுக்கொண்டவர். கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய பாட்டில் ஆட்டோட்யூன் மென்பொருளில் சுருதி திருத்திய குரலும் டிரம் மெஷினும் இருக்கும். இன்று அவர் பெரிய மேடைகளில் வாசிக்கிறார். 2021இல் வந்த 'ஆஃப்ரிக் விக்டிம்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும். ஆரம்பத்தில் சாதாரண ராக் பாட்டு மாதிரிதான் இருக்கும். பாதிக்கு மேல் கிதார் அடக்கத்தை உதறிவிடும், தாளமும் கூடவே வேகமெடுக்கும். டிரம்ஸ் கிதாரைத் துரத்துகிறதா, கிதார் டிரம்ஸை இழுத்துக்கொண்டு போகிறதா என்று சொல்ல முடியாது. பாதியில் நிறுத்திவிடாதீர்கள், இந்தப் பாட்டு அதன் பின்பாதியில்தான் இருக்கிறது.

சரி, கருவிகளுக்கு வருவோம். நான் அதிகம் புழங்குவது பேண்ட்கேம்ப். ஆல்பத்தின் அட்டைப்படத்துக்குக் கீழே சின்னச் சின்னச் சதுரப் படங்கள் வரிசையாக இருக்கும், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் படங்கள். யாராவது ஒருவரைத் தட்டினால் அவர் வாங்கிய எல்லா ஆல்பங்களும் விரியும். யாருமே கேள்விப்படாத ஒரு குழுவை உங்களைப் போலவே ஒருவர் வாங்கியிருக்கிறார் என்றால், அவர் வாங்கிய மற்றதையும் நம்பித் திறக்கலாம். என் ரசனைக்கு இதைவிடக் கெட்டிக்கார வழி இன்னும் கிடைக்கவில்லை. டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாட்களில் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை, அதனால் வாங்க நினைப்பதைச் சேர்த்துவைத்து அன்றைக்கு வாங்குவேன்.

யார் வாசித்தது, எந்த நிறுவனம் என்ற விவரங்களுக்கு டிஸ்காக்ஸ். நேரடி வாசிப்புக்கு சியாட்டில் வானொலியான கே.இ.எக்ஸ்.பி.யின் யூடியூப் பக்கம், அப்புறம் அமெரிக்க வானொலியான என்.பி.ஆர். 2008இல் தொடங்கிய டைனி டெஸ்க் நிகழ்ச்சி. ஆல்பத்தில் கேட்டு முடிவு செய்ய முடியாத குழுவை இந்த இரண்டிலும் பார்த்தால் தெளிவு கிடைக்கும். டைனி டெஸ்கில் அலுவலக மேஜைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும், ஓசையைப் பெருக்கி எதையும் மறைக்க முடியாது.

ஸ்பாட்டிஃபையின் பரிந்துரைகளை நான் ஒதுக்குவதில்லை. 2015இல் வந்த 'டிஸ்கவர் வீக்லி' திங்கள்தோறும் 30 பாடல்கள் தரும், பிடித்ததை அடுத்த திங்களுக்குள் சேமித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியல் மாறிவிடும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் தெரியும். முக்கியமாக, உங்கள் பட்டியலில் இருக்கும் பாடல்களை வேறு யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் இருந்து உங்களிடம் இல்லாததை எடுத்து நீட்டும். போன வாரம்தான் முதல் பாட்டை ஏற்றிய குழு யாருடைய பட்டியலிலும் இருக்காது, அதனால் இந்த வழியில் அது உங்கள் கண்ணில் படுவது கஷ்டம். புதுக்குழுக்களைப் பொறுத்தவரை ஆட்கள் சொல்லித்தான் ஆட்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

ஒலிக்கும் பாட்டைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷஸாம் செயலிக்கும் இதே எல்லைதான். பாட்டின் ஒலியிலிருந்து ஒரு கைரேகை மாதிரி எடுத்துத் தன்னிடம் உள்ள கோடிக்கணக்கானவற்றோடு ஒப்பிடும். அதன் தொகுப்பில் இல்லாத பாட்டுக்கு அதனிடம் பதில் இல்லை. இதற்கு நல்ல உதாரணம் ஒரு ஜெர்மன் பாட்டு. 80களின் நடுவில் வானொலியிலிருந்து ஒரு இளைஞர் கேசட்டில் பதிவு செய்தது, பாடியது யார் என்று தெரியவில்லை. 2007இல் அவருடைய சகோதரி அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டுக் கேட்டார். 'இணையத்தின் மிக மர்மமான பாட்டு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் தேடினார்கள். கடைசியில் 2024 நவம்பரில் விடை கிடைத்தது: ஃபெக்ஸ் என்ற கீல் நகரத்துக் குழு, பாட்டு 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்'. பழைய செய்தித்தாள்களில் அந்த வட்டாரக் குழுக்களைப் பற்றி வந்ததைத் துருவிய ஒரு ரசிகர்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பாட்டையும் கேட்டுப் பாருங்கள், கதைக்காக மட்டுமில்லை, பாட்டே நன்றாக இருக்கும்.

பகிர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் இணைப்பை மட்டும் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள், அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. தினமும் பத்து இணைப்பு வருகிறது, இதை மட்டும் ஏன் திறக்க வேண்டும்? நான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாட்டுதான் அனுப்புவேன், கூடவே எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு வரி. டிரம்ஸ் பிடிக்கும் நண்பனுக்கு சன்ஸ் ஆஃப் கெமெட்டின் 'மை குவீன் இஸ் ஹாரியட் டப்மன்' அனுப்பியபோது எழுதியது இது: "ரெண்டு டிரம்ஸ், ஒரு டியூபா, ஒரு சாக்ஸஃபோன். அவ்வளவுதான், பேஸ் கிதாரே கிடையாது. டியூபா என்ன பண்ணுதுன்னு மட்டும் கேளு." உடனே கேட்டுவிட்டான். குழுவின் வரலாற்றையோ நான் எவ்வளவு உருகினேன் என்பதையோ எழுதியிருந்தால் கேட்டிருக்க மாட்டான். காதுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். நீண்ட பாட்டாக இருந்தால் எந்த நிமிடத்தில் மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பிடித்துப்போன ஆல்பத்தை வாங்கிக் கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை ஏற்றப்பட்டிருந்த பாடல்கள் சர்வர் மாற்றும்போது அழிந்துபோயின என்று 2019இல் அந்தத் தளமே ஒப்புக்கொண்டது. சுமார் 5 கோடிப் பாடல்கள் என்று சொல்லப்பட்டது. அதில் எத்தனையோ குழுக்களுக்கு வேறு எங்கும் பிரதி இருந்திருக்காது. பேண்ட்கேம்பில் வாங்கினால் எந்த வடிவம் வேண்டும் என்று கேட்கும், ஒலி இழப்பு இல்லாத ஃபிளாக் வடிவத்தை எடுங்கள். ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்துகொள்ளலாம், எம்பி3 ஆக்கும்போது இழந்த ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது குழு, ஆல்பம், ஆண்டு மூன்றையும் எழுதிவிடுங்கள். அந்த வன்வட்டு நாளைக்கு யார் கைக்குப் போனாலும் பாடியது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.