நெடுஞ்சாலையும் நம் கண்ணும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி 8 மீட்டர் உயர மண்மேட்டின் மேல் நெடுஞ்சாலை வரப்போகிறது. சாலைத் திட்ட அறிக்கையில் 'காட்சித் தாக்கம் (கண்ணுக்குத் தெரியும் காட்சி மாறுவதன் பாதிப்பு) குறைவு' என்று ஒரே வரிதான் இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: யாருக்குக் குறைவு என்று முதலில் கேளுங்கள். காரில் போகிறவருக்கு அந்த உயரத்திலிருந்து ஊரே அழகாகத் தெரியும். வாசலில் நின்று தினமும் அதைப் பார்க்கிறவர் கதை வேறு. இரு தரப்பையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

அடுத்து, கணக்கு. மேட்டின் மேல் 3 மீட்டர் ஒலித்தடுப்புச் சுவர் வந்தால் மொத்தம் 11 மீட்டர். கண்மட்டம் 1.6 மீட்டர், மீதி 9.4. சமதரையில் 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது 5.4 டிகிரி எழும்பி நிற்கும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் சுமார் 2 டிகிரி. அப்படி இரண்டரை விரல் என்று வையுங்கள். 600 மீட்டரில் அரை விரல்கூட இல்லை. ஆகவே ஊர் முழுதுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது அபத்தம்.

எந்த இடங்களிலிருந்து சாலை தெரியும் என்ற வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் வழக்கமாக நடக்கும் தவறு, தார்த்தளத்தின் உயரத்தை மட்டும் கணினியில் கொடுப்பது. 4 மீட்டர் லாரியும் 12 மீட்டர் விளக்குக் கம்பமும் கணக்கில் வராமல் போகும். கம்பத்தின் உச்சி தரையிலிருந்து 20 மீட்டர். பகலில் கண்ணில் படாத தெருவுக்கும் இரவில் அந்த வெளிச்சம் வந்து சேரும்.

கேள்வி: சாலை வந்தபின் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிப் படத்தில் அது எங்கோ தூரத்தில் சின்னதாகத் தெரிகிறதே?

பதில்: அதிகப் பரப்பை ஒரே படத்தில் அடக்கும் அகலக்கோண லென்ஸின் வேலையாக இருக்கலாம். இத்தகைய படங்களுக்கு முழுச்சட்டக் கேமராவில் (பட உணரி 36 மி.மீ. அகலம்) 50 மி.மீ. லென்ஸ்தான் பொது வழக்கம். 24 மி.மீ. போட்டு அதே அளவில் அச்சிட்டால் எல்லாம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். 50 மி.மீ. படத்தை 39 செ.மீ. அகலத்தில் அச்சிட்டு, எடுத்த இடத்திலேயே நின்று, கண்ணிலிருந்து 54 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். படமும் எதிரே இருப்பதும் ஒரே அளவில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எந்த லென்ஸ் என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: மரம் நட்டால் மறைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: மறையும், என்றைக்கு என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் சாலை திறக்கும் ஆண்டின் குளிர்காலத்தையும், மரம் வளர்ந்த 15-ஆம் ஆண்டின் கோடையையும் தனித்தனியே மதிப்பிடுவார்கள். இலை உதிரும் மரமென்றால் உதிர்ந்த நிலையிலும் பார்க்க வேண்டும்.

நடும் இடமும் முக்கியம். மேட்டின் அடியில் நட்ட கன்று மேட்டை மறைக்கவே 8 மீட்டர் வளர வேண்டும். மேட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு வீடு இருந்து, அதன் எதிரே 20 மீட்டரில் நட்டால் மூன்றரை மீட்டர் போதும். ஆனால் அதே வரிசை வீட்டின் திறந்த வெளியையும் அடைத்துவிடும். சிலருக்கு சாலையே தேவலை என்று தோன்றும். நடுவதற்கு முன் அவர்களைக் கேட்டுவிடுங்கள்.