ஃப்ளெக்டார்ன் (ஜெர்மன் ராணுவ உடையின் புள்ளி உருமறைப்பு அச்சு) என்று வாங்கிய ஜாக்கெட்டில் பழுப்பு நிறமே இல்லை, வெளுத்துவிட்டதா?

வெளுக்கவில்லை. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் டென்மார்க் ராணுவத்தின் எம்/84 உருமறைப்பு அச்சு. ஜெர்மன் ஃப்ளெக்டார்னைத் தழுவி உருவானது என்பதால் புள்ளிகளின் அமைப்பு மிகவும் ஒத்திருக்கும். பழைய சரக்கு விற்பவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், வேண்டுமென்றே ஏமாற்றியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெர்மன் துணியில் ஐந்து நிறங்கள்: சாம்பல் கலந்த பச்சை, வெளிர் பச்சை, கரும்பச்சை, செம்பழுப்பு, கறுப்பு. டேனிஷ் துணியில் மூன்றுதான்: வெளிர் பச்சை அடிநிறம், கரும்பச்சை, கறுப்பு.

சந்தேகம் தீர, பாக்கெட் மூடியைத் தூக்கி அதன் அடியில் வெயில் படாத துணியைப் பாருங்கள். காலரின் மடிப்புக்குள்ளும் பார்க்கலாம். வெளுத்த ஜெர்மன் துணியானால் அங்கே செம்பழுப்பு தெளிவாகத் தெரியும். அங்கும் இல்லையென்றால் எம்/84 என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஜாக்கெட்டின் கைப்பகுதியில் தைத்திருக்கும் ஜெர்மன் கொடியை மட்டும் நம்பாதீர்கள். அதை எந்த ஜாக்கெட்டிலும் யாரும் தைத்துவிடலாம். உள்ளே இருக்கும் தயாரிப்பு லேபிள் அதைவிட மேல், கிழியாமல் இருந்தால்.

ஒரு எச்சரிக்கை: ஜெர்மன் ராணுவத்திலேயே மூன்று நிற வகை ஒன்று உண்டு, பாலைவனத்துக்கான ட்ரோபென்டார்ன். ஆனால் அதன் அடிநிறம் மணல் நிறம், எம்/84-இல் இருப்பதுபோல் பச்சை அல்ல. இதைத் தவிர, வேட்டைக்காரர்களுக்காகவும் மலையேறுபவர்களுக்காகவும் தனியார் அச்சடித்த நகல்களும் நிறைய உள்ளன. அவற்றில் நிற எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ராணுவ லேபிள் இருக்காது.